அட்டவணைக்குக் கீழே எழுதியது

ஜூன் 9, திங்கள்

ஜவுளிக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும்போல இருந்ததால் இன்று எடுத்தேன்.

மூன்றாவது பீரியட், பன்னிரண்டாம் வகுப்பு. கரும்பலகையில் கருப்பைப் படம் வரைந்துகொண்டிருந்தேன். நெஞ்சில் குபீரென்று அனல் கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறியது. ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் முன்னால் முந்தானையால் முகத்தைத் துடைத்து முடிவதற்குள் அடுத்த அனல். முதல் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். வெளியே போ என்று கத்திவிட்டேன். பாவம், அவள் வேறு எதற்கோ சிரித்தாளாம்.

லேபுக்குள் போய் உட்கார்ந்தேன். அட்டெண்டர் பஞ்சவர்ணம் ஈரத் துண்டைப் பிழிந்து கொடுத்தாள். "எனக்கும் இப்படித்தான் டீச்சர். நின்னு ஆறு வருசமாச்சு, இந்தச் சூடு மட்டும் போக மாட்டேங்குது" என்றாள். எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம். வயது ஐம்பத்திரண்டு. இப்படியே இன்னும் நாலு வருடமா?

போன மாதம் பஜாரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். ஒன்றரை நிமிடம்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. "வயசாச்சுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனி இதற்காக எந்த டாக்டர் வாசலையும் மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சுகந்தி வந்தாள். பி.எட். படித்த நாளிலிருந்து கூட்டு. பிறகு இதே பள்ளியில் இருபது வருடம் பக்கத்து நாற்காலி, அவள் தமிழ், நான் விலங்கியல். இரண்டு வருடம் முன்பு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பிரசவம் சிக்கலானபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் குளிக்காமல் உட்கார்ந்திருந்தவள். என் வீட்டு அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரரைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முகம் பளபளவென்று இருந்தது. என்னடி ரகசியம் என்று கேட்டதுதான் தாமதம், பையிலிருந்து பச்சை மூடி டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள்.

"ஆறு மாசமா இதான் சாப்பிடுறேன் குணா. நம்ம வயசுப் பொம்பளைங்களுக்குன்னே பண்ணது. காலைல ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன். சூடு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் ஓடிப்போச்சு."

"என்ன சேத்திருக்காங்க?"

"எல்லாம் மூலிகைதான். இயற்கை. என்ன பண்ணிரப்போகுது? டாக்டருங்க குடுக்குற ஹார்மோன் மாத்திரைதான் விஷம்."

லேபிளில் 'பதினோரு மூலிகைகள்' என்று மட்டும் போட்டிருந்தது. எந்தப் பதினொன்று என்று இல்லை. கேட்டேன். "கம்பெனி ரகசியம்டி, ஊருக்கெல்லாம் சொல்வாங்களா?" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், அது இருபது வருடப் பழக்கம்.

ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டேன். பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். இந்த வாரம் பொடி இல்லாமல் எத்தனை முறை அனல் வருகிறது என்று எண்ணுவேன். அடுத்த நாலு வாரம் பொடியோடு எண்ணுவேன். "நீ மாறவே மாட்டே" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஜூன் 26, வியாழன்

பொடி கசக்கிறது. தேனில் குழைத்தாலும் கசக்கிறது. இன்று ஐந்து முறை.

ஜூலை 20, ஞாயிறு

நாலு வாரம் முடிந்தது. எண்ணியதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பொடிக்கு முந்தைய வாரம் - 41
முதல் வாரம் - 38
இரண்டாம் வாரம் - 33
மூன்றாம் வாரம் - 24
நான்காம் வாரம் - 17

குறிப்பு: இரண்டாம் வாரத்திலிருந்து காபியை நிறுத்திவிட்டேன். படுக்கையறையில் புது ஃபேன். மூன்றாம் வாரத்திலிருந்து மழை.
ஆகவே பொடியால்தான் குறைந்தது என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் சுகந்தி வந்தாள். டைரியைக் காட்டினேன். பார்த்ததும் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கீழே இருக்கிற குறிப்பையும் படி என்றேன். "படிச்சேன் படிச்சேன், உன் சந்தேகப் புத்தி போகாதே" என்றாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கே பொடிமேல் ஒரு ஆசை வந்துவிட்டது. நாற்பத்தொன்றிலிருந்து பதினேழு என்றால் சும்மாவா?

ஜூலை 24, வியாழன்

பஞ்சவர்ணம் கேட்டாள். "டீச்சர், நீங்க ஏதோ பொடி சாப்பிடுறீங்களாம். முகத்துல ஒரு தெளிவு தெரியுது. எனக்கும் ஒத்துக்குமா?" புருஷன் இல்லாதவள், ஒரே மகனும் துபாயில். இந்தச் சூட்டைப் பற்றிப் பேச அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. என் டப்பாவிலிருந்து பாதியைக் கொட்டிக் கொடுத்தேன். பிப்பெட் கழுவுகிற அதே கவனத்தோடு ஒரு ஜாடியைக் கழுவித் துடைத்து வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலில் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் போஸ்ட் ஆபீசில் வேலை பார்ப்பவர், மற்ற இருவரை எனக்கு முகப்பழக்கம்கூட இல்லை. சுகந்தி நடத்துகிற வாட்ஸ்அப் குழுவில் என் அட்டவணை வந்திருக்கிறதாம். "சயின்ஸ் டீச்சரே எண்ணிப் பாத்துச் சொல்றாங்கன்னா நம்பலாம்ல" என்றார் போஸ்ட் ஆபீஸ் அம்மா. நான் நன்றாகத் தூங்குகிறேனா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பொய் இல்லை, இப்போதெல்லாம் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

அவர் போனிலேயே படத்தைக் காட்டினார். எண்கள் வரைதான் தெரிந்தது, கீழே இருந்த குறிப்பு இல்லை. சின்ன போனில் அவ்வளவுதான் தெரியுமாக்கும்.

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் போனில் சொன்னேன். "நீ இப்ப இந்த ஊரு ஸ்டார்டி" என்றாள். இன்னும் ஆறு பேர் சேர்ந்தால் கம்பெனி அவளைத் தாய்லாந்து கூட்டிப்போகுமாம். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நீ எங்கேயும் போகலயா?" என்று கேட்டார். கேலிதான். ஆனாலும் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியதற்கு இப்போதுதான் ஊரில் ஒரு மரியாதை கிடைத்ததுபோல எனக்கு மனது நிறைந்திருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புது நீலச் சேலையை மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன். லேபில் ஸ்டூல்மேல் ஏதோ சாயம் கொட்டியிருந்திருக்கிறது, பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

மெடிக்கலில் நாப்கின் ஒரு பாக்கெட் வாங்கி வைத்தேன். மகள் தீபாவளிக்கு ஓசூரிலிருந்து வருவாள், அவளுக்குத் தேவைப்படும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சுகந்திக்குப் போன் செய்தேன். ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சருக்கு நின்று இரண்டு வருடம் கழித்து இப்போது லேசாக ரத்தம் படுகிறதாம், பொடி சாப்பிடுகிறாள், பயப்படுகிறாள் என்றேன்.

"எனக்கும் வந்துச்சு குணா! போன டிசம்பர்ல. நாலு நாள். இத்தனை வருசமா உள்ள தங்கின கழிவு வெளியேறுது, அம்புட்டுதான். அதுக்கப்புறம் உடம்பு பஞ்சு மாதிரி ஆயிருச்சு. பயப்படாம தொடர்ந்து சாப்பிடச் சொல்லு."

"உனக்கே வந்துச்சா?"

"எனக்கே வந்துச்சுடி. உங்கிட்ட போய் நான் பொய் சொல்லுவேனா?"

போனை வைத்ததும் நெஞ்சு லேசானது. அந்த டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

பஞ்சவர்ணம் லேப் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். இரண்டு நாளாக அவளுக்கும் படுகிறதாம். "ஆறு வருசம் கழிச்சு இதென்ன டீச்சர் கூத்து? ஆசுபத்திரிக்குப் போகவா?" என்று கேட்டாள்.

சுகந்தி சொன்னதை அப்படியே சொன்னேன். கழிவு, நாலு நாள், பஞ்சு மாதிரி. என் சிநேகிதிக்கே இப்படி வந்து சரியாகிவிட்டது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னா சரி டீச்சர்" என்று போய்விட்டாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலாண்டுத் தேர்வு. ஹாலில் மூன்று மணி நேரம் நின்றேன், உட்காரவில்லை. இந்த மாதம் முழுக்கக் கறுப்பும் அரக்குமாகத்தான் சேலை. பஞ்சவர்ணம் விடைத்தாள் கட்டோடு வந்தவள், "இன்னும் நிக்கல டீச்சர்" என்றாள். நிற்கும் என்றேன். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, கட்டின் நூலைப் பார்த்துச் சொன்னேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

லீவுதான். நாளை ஆயுத பூஜை என்பதால் லேபைச் சுத்தம் செய்ய நானும் பஞ்சவர்ணமும் போயிருந்தோம். மைக்ராஸ்கோப்புகளைத் துடைத்து வரிசையாக வைத்தோம். எலும்புக்கூட்டுக்கும் பொட்டு வைப்பாள், வருடா வருடம் நடக்கிற வேடிக்கை. ஸ்டூல்மேல் ஏறி மண்டையோட்டுக்குச் சந்தனம் வைக்கக் கை நீட்டியவள் அப்படியே சரிந்தாள். பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. சேலையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. சாயம் இல்லை.

"நாலு நாள்னீங்க டீச்சர். ஒரு மாசமாச்சு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தண்ணீர் கொடுத்து பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு, சுகந்திக்குப் போன் செய்தேன். அவளுக்கு மதுரையில் நாலு பேரைத் தெரியும், நல்ல டாக்டர் யாராவது சொல்வாள் என்றுதான். அவள் குளித்துக்கொண்டிருந்தாளாம். அவள் வீட்டுக்காரர் தனபாலன் அண்ணன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அட, இதுக்கு ஏன் தங்கச்சி யோசிக்கணும்? நம்ம டாக்டரம்மாகிட்டயே கூட்டிட்டுப் போங்க. டிசம்பர்ல சுகந்திக்கு ஒரு சொட்டு பட்டுச்சு, விடிஞ்சதும் கார எடுத்துட்டு மதுரைக்குப் போயிட்டோம்ல. ஸ்கேன் எடுத்து, உள்ள இருந்து சதையெடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பி, ஒண்ணுமில்லன்னு ரிசல்ட் வந்த பெறகுதான் இவ சோறே தின்னா. இப்பவும் அந்தம்மா எழுதிக் குடுத்த மாத்திரதான போடுறா. மூணு மாசத்துக்கு ஒருக்க செக்கப். நீங்க தேவையில்லாம நாளக் கடத்தாதீங்க."

"பொடி?" என்று கேட்டேன்.

"பொடியா? அது கசக்குதுன்னு ரெண்டாம் நாளே மூடி வச்சுட்டாளே" என்று சிரித்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

இருபது வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்கள், என் கழுத்தை அறுத்திருந்தாலும் பரவாயில்லை. என் கையில் கத்தியைக் கொடுத்து பஞ்சவர்ணத்தின் கழுத்தில் வைக்க வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 3, வெள்ளி

செவ்வாய் அன்றே இங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் பஞ்சவர்ணத்துக்குக் குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் குறைய ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். பூஜை லீவு முடிந்து இன்றுதான் சுகந்தி பார்க்கிற டாக்டரம்மா உட்கார்ந்தார். மதுரை. காலை ஏழு மணி பஸ். பஞ்சவர்ணம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள்.

டாக்டரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். பஞ்சவர்ணத்தைப் பரிசோதித்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். பச்சை மூடி டப்பாவை மேசையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இயற்கைன்னாலே கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன். சிலதுல சிலருக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம், நிறையதுக்கு ஆதாரம் பத்தல. ஆனா உள்ள என்ன இருக்குன்னே எழுதாத டப்பாவைப் பத்தி நான் என்னன்னு சொல்றது? வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, என்ன வியாதி இருக்கு, அதோட இது சேருமா, எதுவும் கேக்காம குடுத்திருக்காங்க. அது போகட்டும். நின்னு ஒரு வருசம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாலும் ஓடி வந்திருக்கணும். ஏன் வரல?"

பஞ்சவர்ணம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேலை டாக்டர்" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்தபோது செத்துவிடலாம்போல இருந்தது.

எழுந்தோம். அப்போதுதான் அவள் சொன்னாள். "டாக்டர், டீச்சருக்கும் இருக்கு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன்.

"ஆகஸ்ட்ல, நீலச் சேலை. அந்த ஸ்டூலத் தொடச்சது நாந்தான டீச்சர்" என்றாள். "நீங்களே பேசாம இருக்கீங்க, அப்ப பயமில்ல போலன்னுதான் நானும் இருந்துட்டேன்."

இந்த டைரியில்கூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஆகஸ்ட் 19 முதல் ஒன்பது நாள். செப்டம்பரில் ஆறு நாள். நாப்கின் மகளுக்காக வாங்கவில்லை. போனில் சொன்ன டீச்சர் வேறு யாரும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கருப்பைப் பாடம் நடத்துகிறவள் நான்.

எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இருவருக்கும் சதையெடுத்து அனுப்பியிருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

சுகந்தி வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெளியே போயிருந்தார். மெத்தையில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள் போல.

"டிசம்பர்ல டாக்டர்கிட்ட போனியா?" என்று கேட்டேன். உட்காரக்கூட இல்லை.

மடித்துக்கொண்டிருந்த சுடிதாரைக் கீழே வைத்தாள். "அவரு சொன்னாரா?"

"போனியா இல்லையா?"

"போனேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலயே குணா. நான் என்ன பொய் சொன்னேன், சொல்லு. ரத்தம் வந்துச்சுன்னு சொன்னேன், வந்துச்சு. நின்னுச்சுன்னு சொன்னேன், நின்னுச்சு."

"கழிவுன்னு சொன்னியே!"

"கம்பெனி மீட்டிங்ல அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க."

"நீ சாப்பிடவே இல்ல. மாத்திரையப் போட்டுக்கிட்டு பொடியால பளபளப்புன்னு சொன்ன. அந்த மாத்திரையத்தான் எங்கிட்ட விஷம்ன."

சூட்கேஸ் ஜிப்பை இழுத்தாள், அது மாட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டே சொன்னாள்: "யாரோ ஒரு டீச்சருக்குன்னுதான சொன்ன? உனக்குன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து உன்னை இழுத்துட்டுப் போயிருப்பேன். சத்தியமா."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் சத்தியம் செய்தது பொய்யில்லை. எனக்காக வந்திருப்பாள். யாரோ ஒருத்தி என்றால் கழிவு, குணா என்றால் மதுரை. குழுவில் இருக்கிற நூற்றுச் சொச்சம் பேரும் அவளுக்கு யாரோ ஒருத்திதான்.

"என் படத்துல கீழ இருந்த ரெண்டு வரிய எதுக்கு வெட்டுன?"

"அது இருந்தா யாரு வாங்குவா?" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "வெட்டியிருக்குன்னு நீயும் பாத்தல்ல? அப்ப ஏன் கேக்கல? கோயில்ல நாலு பேரு டீச்சர் டீச்சர்னு சுத்தி வந்தது உனக்கும் புடிச்சுதான இருந்துச்சு?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் அதைத்தான் நட்பு என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ரிசல்ட்.

எனக்கு ஒன்றுமில்லை. கருப்பைச் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பஞ்சவர்ணத்துக்குப் புற்றுநோய். கருப்பையில். பொடியால் வந்திருக்காது, அது முன்பே ஆரம்பித்திருக்கும் என்றார் டாக்டரம்மா. அவளுக்கு ரத்தம் பட்டதே உடம்பு காட்டிய அடையாளம்தான். அதைப் பார்த்து அன்றைக்கே வந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். ஆரம்ப நிலைதான், எடுத்துவிடலாம், ஆனால் முழுக்கத் திறந்து பார்த்தால்தான் மேலே சொல்ல முடியும் என்றார்.

அந்த ஒரு மாதம் என்னுடையது. ஆஸ்பத்திரிக்குப் போகவா என்று வாய்விட்டுக் கேட்டாளே.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். பஞ்சவர்ணம் குடித்தாள். என்னைத் திட்டு என்றேன். "திட்டி என்ன டீச்சர் ஆகப்போகுது? இனிமே தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, போதும்" என்றாள். பஸ்ஸில் இரண்டு பேர் சீட் காலியாக இருந்தும் எனக்கு முன்னால் இருந்த சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சுகந்தியின் குழுவில் என்னைச் சேர்க்கும்படி போஸ்ட் ஆபீஸ் அம்மாவிடம் கேட்டுச் சேர்ந்தேன். நடந்ததை எழுதினேன், யார் பெயரும் போடவில்லை. ரத்தம் பட்டால் உடனே டாக்டரிடம் போங்கள் என்று எழுதினேன். நாலே நிமிடத்தில் சுகந்தி அதை அழித்துவிட்டு என்னையும் நீக்கிவிட்டாள். போஸ்ட் ஆபீஸ் அம்மா மட்டும் போன் செய்தார். அவருக்கு ஒன்றும் படவில்லையாம், ஆனால் ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறாராம், பொடி சேருமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். டப்பாவையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேளுங்கள் என்றேன்.

தெரியாது என்று சொல்ல எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகியிருக்கிறது.

அக்டோபர் 29, புதன்

ஆபரேஷன். மூன்று மணி நேரம். மகன் துபாயிலிருந்து நேற்றே வந்துவிட்டான். வெளியே பரவவில்லையாம். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், ஒரு நர்ஸ் வந்து நீங்க அக்காவா என்று கேட்டாள்.

நவம்பர் 12, புதன்

தையல் பார்க்க பஞ்சவர்ணத்தை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மகன் லீவு முடிந்து போய்விட்டான். அவளை உள்ளே கூப்பிட்டார்கள், நான் வெளியே பெஞ்சில்.

பக்கத்தில் ஒருத்தி, நாற்பத்தெட்டு ஐம்பது இருக்கும். திருமங்கலம் பக்கமாம். மாமியாருக்குக் கால் வீக்கம், துணைக்கு வந்திருக்கிறாள். ஒரு பேப்பரால் விசிறிக்கொண்டே இருந்தாள். ஃபேன் எங்கள் தலைக்கு மேல்தான் ஓடியது. அந்த விசிறலை எனக்குத் தெரியும்.

"சூடா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. இந்த வயசுல வருமாம்ல, அது. இப்பத்தான் ஒரு பொடி சாப்பிட ஆரம்பிச்சேன். ரெண்டு மாசமாச்சு. அடுத்த டப்பா வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறேன். இந்தா பாருங்க, ஒரு டீச்சரே எண்ணி எழுதிருக்காங்க."

போனை நீட்டினாள். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்துமூன்று, இருபத்துநாலு, பதினேழு. என் கையெழுத்து. கீழே வெட்டிய இடத்தில் சிவப்பு எழுத்தில் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்: 'நாலு நாள் ரத்தம் பட்டால் பயம் வேண்டாம், கழிவு வெளியேறுகிறது - விலங்கியல் ஆசிரியையின் சொந்த அனுபவம்.'

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கையெழுத்துக்குக் கீழே சுகந்தியின் பொய். இந்நேரம் தாய்லாந்து போய்த் திரும்பி வந்திருப்பாள்.

"அந்த டீச்சர் நான்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்திருப்பாள். டாக்டரிடம் தேதி பார்த்துச் சொல்லக் கொண்டுபோயிருந்த இந்த டைரியைப் பையிலிருந்து எடுத்து ஜூலை 20-ஐத் திறந்து அவள் மடியில் வைத்தேன். போனையும் டைரியையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அட்டவணைக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தாள். காபி. புது ஃபேன். மழை. பொடியால்தான் குறைந்தது என்று சொல்ல முடியாது.

"அப்ப பொடியால இல்லையாக்கா?"

"தெரியலம்மா. எனக்கு அப்பவும் தெரியல, இப்பவும் தெரியல. உனக்கு எப்ப நின்னுச்சு?"

"மூணு வருசமாச்சு."

"அதுக்கப்புறம் எப்பவாச்சும் பட்டுச்சா?"

விசிறுவதை நிறுத்தினாள். மாமியார் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதுல கழிவுன்னுதான போட்டிருக்கு" என்றாள் மெதுவாக.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எதிரில் கதவு திறந்து பஞ்சவர்ணம் வெளியே வந்தாள், வயிற்றில் கை வைத்தபடி, சின்னச் சின்ன அடியாக. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், மடியிலிருந்த டைரியைப் பார்த்தாள். வந்து அந்தப் பெண்ணின் இன்னொரு பக்கம் உட்கார்ந்து, "இவங்களக் கூட்டிட்டுப் போய்ப் பேரக் குடுத்துட்டு வாங்க டீச்சர், நான் இவங்க மாமியாரப் பாத்துக்கிறேன்" என்றாள்.

டோக்கன் ஜன்னலில் கூட்டம் இருந்தது. அந்தப் பெண்ணின் கையை விடாமலே வரிசையில் நின்றேன்.